முனையக்காவும் மூன்றாவது சரணமும்

முனையக்கா படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, எதிரே ஆள் வரும்வரை அப்படியே நிற்பாள். ஆள் வந்தாலும் உடனே வேலை ஆரம்பமாகாது. வந்தவள் மற்ற இரண்டு முனைகளையும் சரியாகப் பிடித்து, நடுவில் தொய்யாமல் இழுத்து நிற்கிறாளா என்று ஒருமுறை பார்ப்பாள். "முனையப் பிடி, துணியப் பிடிக்காத" என்பாள். தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் பதினேழு வருஷமாக இந்த ஒன்றையே சொல்லிச் சொல்லி அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

இரண்டு மருத்துவமனைகள், ஐந்தாறு லாட்ஜுகளின் விரிப்புகள் அங்கே வெளுக்க வருகின்றன. மருத்துவமனை விரிப்பில் நீலக்கோடு, லாட்ஜ் விரிப்பு சாதா வெள்ளை. சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து, அப்பளம் போல விறைத்து வெளியே வருபவற்றை ஆறு பெண்கள் ஜோடி ஜோடியாக நின்று மடிக்கிறார்கள். கை பொறுக்காத சூடு. புதிதாக வருகிறவர்கள் ஊதிக்கொண்டே மடிப்பார்கள். முனையக்காவின் விரல் நுனிகளுக்குச் சூடு தெரிவதில்லை, ஆனால் கிழிசல் தெரியும். கண்ணில் படாத ஊசித் துளையைக்கூடக் கட்டைவிரல் தடவிச் சொல்லிவிடும். "கண்ணு ஏமாத்தும். கை ஏமாத்தாது" என்று துணியைத் தனியே எடுத்துப் போடுவாள்.

மடிப்புக் கணக்கை அவள் எண்ணுவதில்லை, வாய்க்குள் ஒரு பாட்டாகப் பாடுவாள். ஒரு அடிக்கு ஒரு மடிப்பு, நான்கு அடி முடிந்தால் ஒரு விரிப்பு முடிந்தது.

*நீ அந்த முனை, நான் இந்த முனை,*
*நடுவுல காத்து, அதான் கூரை.*
*கிட்ட வா, கிட்ட வா, சின்னதா மடி,*
*மிச்சத்த நாளைக்கு வச்சுக்கலாம்.*

கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். மேற்பார்வையாளர்கூட கணக்கு எழுதும்போது முனகிக்கொண்டிருப்பார். ஒருமுறை யாரோ "என்ன பாட்டுக்கா இது?" என்று கேட்டதற்கு "மடிக்கற பாட்டு" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எவ்வளவு வேலை வந்தாலும் அன்றைக்கு ஒரே ஒரு விரிப்பை மடிக்காமல் விட்டுவிட்டுத்தான் போவாள். ஆரம்பத்தில் மேற்பார்வையாளர் சத்தம் போட்டுப் பார்த்தார். "ஒண்ணு இருக்கட்டும் சார். காலைல வந்ததும் கை சும்மா நிக்கக் கூடாதுல்ல" என்றாள். அவரும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். வீட்டிலும் அதே கதைதான். கழுவாமல் ஒரு கரண்டி கிடக்கும். பாவாடைக்கு ஓரம் அடித்தால் கடைசி நாலு விரற்கடை அப்படியே நிற்கும். அவளுடைய கணவர் ஜன்னல் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறார், பேச்சில் சற்றுக் குறும்பு உள்ளவர். "இவ சண்டையக்கூட முழுசாப் போட மாட்டா. பாதிய நாளைக்குன்னு எடுத்து வச்சுருவா" என்பார்.

எங்கே படித்தாய் என்று யாராவது கேட்டால் "ஹாஸ்டல்ல" என்பாள். அது ஹாஸ்டல் இல்லை, ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கான இல்லம். நாலு வயதிலோ ஐந்து வயதிலோ அங்கே கொண்டுவந்து விடப்பட்டவள். பிறந்த தேதி என்று அவள் எங்கும் எழுதுவது அவள் அந்தக் கதவுக்குள் நுழைந்த தேதி. கல்யாணத்துக்கு முன்னால் கணவரிடம் இதை ஒருமுறை சொன்னாள். மகளிடம் அங்குமிங்குமாகச் சில துண்டுகள் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர விடமாட்டாள்.

போன வருஷம் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் பாடப்புத்தகத்தோடு சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, உன் பாட்டு புக்குல வந்திருக்கு."

"எனக்கேதுடி பாட்டு?"

மகள் வாசித்தாள். "நீ அம்முனை, நான் இம்முனை, நடுவினில் காற்று, அதுவே கூரை…"

முனையக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. யாரோ அவளுடைய பாட்டைப் பிடித்துக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, மேல்பொத்தான்வரை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். ஆனால் பிள்ளை அதே பிள்ளைதான், அடையாளம் தெரிந்தது. அடியில் பொடி எழுத்தில், 'வாய்மொழிப் பாடல். ஆதரவற்ற குழந்தைகளின் நட்பையும் நம்பிக்கையையும் பாடுவது. ஆசிரியர் அறியப்படவில்லை' என்று போட்டிருந்தது. பாட்டின் பொருளை ஒரு பக்கத்தில் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள்.

"கைடுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் முனையக்கா.

"முனை ரெண்டும் பிறப்பும் இறப்புமாம். காத்து கடவுளாம். மிச்சம்னா மறுமையாம்."

முனையக்கா அதற்குத்தான் சிரித்தாள். "நாலு முனைடி. ஆளுக்கு ரெண்டு" என்று சொல்லிவிட்டு, மகள் பிறந்ததிலிருந்து சொல்லாத கதையைக் கத்தியும் கையுமாகச் சொன்னாள்.

இல்லத்தில் நாள் தவறாமல் விரிப்பு துவைப்பார்கள். எண்பது விரிப்பு. மொட்டைமாடியில் காயப்போட்டு மறுநாள் மடிக்க வேண்டும். அவளுக்கு ஜோடியாக வந்தவள் ஒருத்தி. சோடாத் தூள் வாசனைக்குத் தும்மித் தீர்ப்பாள் என்பதால் அவளுக்குத் தும்மல் என்றே பெயர். அந்த மாடியில் காற்று வந்து விரிப்பைத் தூக்கினால் அது இரண்டு பேர் தலைக்கும் மேலே கூரையாக நிற்கும். அதற்குள் நின்றுகொண்டுதான் இருவரும் அடிக்கு ஒரு அடியாக அந்தப் பாட்டைக் கட்டினார்கள். ஜோடிகளை வார்டன் தினமும் மாற்றிவிடுவார். ஆனால் வேலையை மீதி வைத்தவர்கள் மட்டும் மறுநாள் தண்டனையாக அதே ஜோடியாக மாடிக்குப் போய் முடிக்க வேண்டும். இது தெரிந்ததும் இருவரும் தினம் இரண்டு விரிப்பை ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள். முடித்துவிட்டு இறங்கினால் இருவருக்கும் சேர்த்து ஒரு டம்ளர் டீ கிடைக்கும், அதை ஒரு சொட்டுகூடப் பிசகாமல் கண்ணை வைத்துப் பார்த்துப் பங்கு போடுவார்கள்.

"தண்டனைன்னு வார்டன் நெனச்சாங்க. எங்களுக்கு அதான் வேணும். மிச்சம் வச்சாத்தான் நாளைக்கு உண்டு. அவ்வளவுதான் அர்த்தம். எழுதிக்கோ."

இரண்டாவது சரணத்தைப் பாடப்புத்தகம் இப்படிக் கொடுத்திருந்தது: "நீ முதல் சென்றால் வாசலில் நில், நான் முதல் சென்றால் நானும் நிற்பேன்." இருவரில் யாரைத் தத்தெடுத்துக்கொண்டு போனாலும் போகிறவள் ஒருநாள் இல்லத்து வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், மற்றவளைக் கூட்டிப்போக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. பதினோரு வயதில் தும்மலைத்தான் ஒரு கணவனும் மனைவியும் கூட்டிப் போனார்கள். அன்றைக்கு முனையக்கா மெட்ராஸ் ஐ வந்து, கண் சிவந்து, தனியறையில் கிடந்தாள். போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

"அப்புறம் வாசல்ல வந்து நின்னாங்களா?" என்றாள் மகள்.

"இல்ல. மறந்துட்டா. நானும் மறந்துட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு வெங்காயத்தை எண்ணெயில் போட்டாள். மகள் புத்தகத்தைத் திருப்பி, "மூணாவதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டாள்.

"பாட்டுக்கு ரெண்டுதான்டி."

"மூணு இருக்கும்மா. 'முனைகள் இரண்டும் என் கையிலே, எதிரினில் ஆணி, அதுவே தோழி. கிட்டே சென்றேன், ஆணி வரவில்லை. மிச்சம் இருக்குது வாளியின் கீழே, பச்சை வாளியின் கீழே.' பச்சை வாளின்னா இயற்கைன்னு கைடுல போட்டிருக்கு."

முனையக்கா இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு மூன்றாவது தரம். தனியாக விரிப்பு மடிக்கிறவர்கள் ஒரு பக்கத்தைச் சுவரில் ஆணியில்தான் மாட்டிக்கொள்வார்கள் என்பது மடிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் பச்சை வாளி அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மொட்டைமாடி மூலையில் கவிழ்ந்து கிடந்த விரிசல் விட்ட வாளி அது. ஒளித்துவைத்த விரிப்புகள் இருந்தது அதற்கு அடியில். பாட்டில் அதைச் சொல்லவே கூடாது என்று சத்தியம் செய்திருந்தார்கள்.

"இது என்னுது இல்ல" என்றாள். "இது அவளுது." சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்த் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெங்காயம் கருகும் வாசனை வந்து, கணவர்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

மகள் தன் அம்மா சொன்னபடியே எழுதிக்கொண்டு போனாள். பத்துக்கு மூன்று மதிப்பெண் வந்தது. கீழே சிவப்பு மையில், 'கற்பனை நன்று. பாடத்தை ஒட்டி எழுதவும்' என்று இருந்தது. அதைப் பார்த்த மறுநாள் முனையக்கா அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அந்தக் கூடத்தில் அவள் விடுப்புக் கேட்டது அதுவரை மகள் பிறந்தபோது மட்டுமே.

தமிழாசிரியை சின்ன வயசுக்காரர். நோட்டோடு வந்து நிற்கும் தாயைப் பார்த்ததும் மதிப்பெண் சண்டை என்று முடிவுகட்டி, "உக்காருங்க. உங்க பொண்ணு நல்லா எழுதறா. ஆனா பரீட்சையில இப்படி எழுதினா திருத்தறவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று முந்திக்கொண்டார்.

"மார்க்கு இருக்கட்டும் டீச்சர். அவ எழுதினது கற்பனை இல்ல. பாட்டக் கட்டினதுல பாதி நான்."

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். முனையக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரிப்புக்குக் கணக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னாள். கூரை, தண்டனை, வாளி, வாசல். ஆசிரியை நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நம்பிக்கைப் பாட்டுன்னு போட்டிருக்கே, அது சரியா தப்பா?"

"அந்த வயசுல அதெல்லாம் தெரியாது டீச்சர். நாளைக்கும் இவகூடத்தான் மடிக்கணும்னு இருந்துச்சு. அதுக்கு நீங்க என்ன பேர் வேணா வச்சுக்கோங்க." பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். "மூணாவது சரணத்த எங்க எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும்."

ஆசிரியை அன்றைக்கே புத்தகக் குழுவுக்கு எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பாட்டைச் சேகரித்தவர் ஒரு துறைமுக ஊர் லாட்ஜில் எட்டு மாதம் தங்கியிருந்தவர். அறை துடைத்து விரிப்பு மாற்ற வரும் பெண் தினமும் பாடக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. லாட்ஜின் தொலைபேசி எண்ணை மட்டும் அனுப்பியிருந்தார். ஆசிரியை அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, நோட்டில் 'கற்பனை நன்று' என்ற வரியை அடித்தார். மதிப்பெண்ணில் கைவைக்கவில்லை.

"பரீட்சைக்கு மட்டும் கைடுல உள்ளத எழுதட்டும்மா."

"சரி டீச்சர். பரீட்சைக்கு அது, எங்களுக்கு இது."

எண் கைக்கு வந்தும் முனையக்கா கூப்பிடவில்லை. தாள் அரிசி டப்பா மேல் இரண்டு வாரம் கிடந்தது. மகள் கேட்டால் "இன்னைக்கு வேலை" என்பாள். கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "இதையும் மிச்சம் வைக்கறியா?" என்று கேட்டார். அவள் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப டப்பா மேலேயே வைத்தாள். பிறகு, "முப்பத்திரண்டு வருஷமா அவ மறந்துட்டானு திட்டிக்கிட்டு இருந்தேன். மறக்கலன்னா நான் இனிமே யாரத் திட்டறது?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். லாட்ஜில் எடுத்தவர் யாரையோ கூப்பிடப் போனார். தூரத்தில் வாளி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "யாரு?" என்று ஒரு தடித்த குரல்.

முனையக்கா நிறைய யோசித்துவைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, "பச்ச வாளி" என்றாள்.

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அதுக்குக் கீழ எத்தன இருந்துச்சு?" என்று கேட்டது குரல்.

"ரெண்டு."

"ரெண்டும் நல்லதா?"

"ஒண்ணு ஓரம் கருகினது. இஸ்திரிப் பெட்டிய வச்சுட்டுப் பராக்குப் பாத்தியே."

"அது நான் இல்ல. நீ."

"நீதான்."

முப்பத்திரண்டு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு இதுதான். கருக்கியது யார் என்று கால்மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் அந்தப் பக்கம் ஒரு தும்மல் கேட்டது. இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னுமா நிக்கல அது?" என்றாள்.

அடுத்த மாதம் தும்மல் வந்தாள். பேருந்து நிலையத்துக்கு முனையக்காவின் கணவர் போய்க் கூட்டிவந்தார். குட்டையாக வெட்டிய முடி, கனத்த உடம்பு, வலது முழங்காலில் கோளாறு. கையில் ஒரு பை ஆப்பிள். இருவரும் வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று மகள் எதிர்பார்த்தாள். "செருப்ப உள்ள விடு, நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றாள் முனையக்கா.

மகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. "நான் உங்கள எப்படிக் கூப்பிடறது? பெரியம்மாவா, சித்தியா?"

இருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பிறந்த தேதி கிடையாது. "உங்கம்மாவுக்குத்தான் மொதல்ல பல்லு விழுந்துச்சு. அதனால நான் சித்தி" என்றாள் தும்மல். "அது தானா விழல, இவ தள்ளிவிட்டு விழுந்தது. அது கணக்குல வராது" என்றாள் முனையக்கா. கணவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டு, இது இன்றைக்கு முடியாது என்று கடைக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகு தும்மல் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கூட்டிப் போனவர்கள் நல்லவர்கள்தான். இரண்டு வருஷத்தில் அவர்களுக்கே ஒரு குழந்தை பிறந்தது. இவளை விடுதிப் பள்ளியில் போட்டார்கள், பிறகு வேலைக்கு அனுப்பினார்கள், பிறகு கடிதங்கள் நின்றன. கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. லாட்ஜில் பத்தொன்பது வருஷம். மாடியில் முப்பது அறை. மடிக்க வேறு ஆள் கிடையாது, சுவரில் ஓர் ஆணி.

"ஒருநாளாவது வந்து நின்னிருக்கலாம்ல" என்றாள் முனையக்கா. குரலில் கோபம் இல்லை. மகளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

தும்மல் ஆப்பிள் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். "வந்தேன். பதினெட்டு வயசுல. தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"ஏன்?"

"என்னக் கூட்டிட்டுப் போக வந்த அன்னைக்கு அந்தம்மா என்கிட்ட கேட்டாங்க. 'உனக்கு இங்க சினேகிதி யாராவது இருக்காளா? இருந்தா அவளையும் பாக்கலாம், ரெண்டு பேரா வளந்தா நல்லதுதான்'னு." பையின் காதை விட்டாள். "உன்னப் பாத்தா எங்க என்னய விட்டுட்டு உன்ன எடுத்துக்குவாங்களோன்னு இருந்துச்சு. யாரும் இல்லன்னுட்டேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறது?"

தெருவில் யாரோ தகரக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தும்மல் பையை ஓரமாக வைத்துவிட்டு, "மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள்.

முனையக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு கண்ணாடி டம்ளர்களோடும் பாத்திரத்தோடும் திரும்பி வந்து, மகள் படிக்கும் மேஜைமேல் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றினாள். ஊற்றியதும் நீட்டவில்லை. தரையில் முட்டிபோட்டு, கண்ணை டம்ளர்களின் விளிம்புக்கு நேராகக் கொண்டுபோனாள். இடதுபக்க டம்ளரில் ஒரு நூல் அளவு கூடுதலாக இருந்தது. அதிலிருந்து மற்றதில் கொஞ்சம் சாய்த்துவிட்டு மறுபடி பார்த்தாள். தன் அம்மா இப்படி டீ ஊற்றி மகள் பார்த்ததே இல்லை. தும்மல் வலித்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"உன் பக்கம் இன்னும் ஒரு சொட்டு வரணும்" என்றாள்.

முனையக்கா ஒரு சொட்டு சாய்த்தாள்.